சுற்றும் கேக்கும் கரும்பொருளும்

கேக் முழுவதும் கறுப்புச் சாக்லேட்டை ஊற்றி முடித்த பிறகுதான் விஞ்ஞானி அம்மா வாய் திறந்தார், கரும்பொருள் கறுப்பாக இருக்காது என்று.

கேக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோளரங்கத் திறப்பு விழாவுக்கு விண்மீன் மண்டலம் மாதிரி ஒரு கேக் வேண்டும், அது சுற்ற வேண்டும், அதில் கரும்பொருளும் இருக்க வேண்டும் என்று கேட்டதே இந்த அம்மாதான். விழாவோ அன்று சாயங்காலம்.

"கறுப்பு இல்லன்னா வேற என்ன நிறம்மா?"

"நிறமே கிடையாது. வெளிச்சம் அதுக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் போயிடும்."

"அப்ப இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"ஓரத்து நட்சத்திரம்லாம் சுத்தற வேகத்துக்கு எப்பவோ பிச்சுக்கிட்டுப் போயிருக்கணும். போகல. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கு."

சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார். இந்த கேக் நன்றாக அமைந்தால் கோளரங்கத்துச் சிற்றுண்டிக் கடை கேக்காரருக்கு. சொதப்பினால் இருக்கிற கடைக்கும் பூட்டு, பழையபடி அலுவலக நாற்காலி. கைநிறைந்த சம்பளத்தை உதறிவிட்டு மாவு பிசையப் போன நாளிலிருந்து மாமனார் அவரோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை. இன்று மகளின் நச்சரிப்பு தாங்காமல் ஒத்தாசைக்கு வந்தவர், மூலையில் உட்கார்ந்து "ம்" கொட்டிக்கொண்டிருந்தார்.

கேக்காரர் சாக்லேட்டைச் சுரண்டினார். கேக்கில் பாதி கூடவே வந்தது. பள்ளத்தை மறைக்க, கண்ணாடி போன்ற ஜெல்லியைப் பூசி, மேலே சர்க்கரை நட்சத்திரங்களை அடுக்கினார். மேசையின் மேல் சுழல்தட்டு, அடியில் அதன் மோட்டார். சுவிட்சைப் போட்டதும் நட்சத்திரங்கள் வழுக்கிப் பறந்தன. ஒன்று மாமனாரின் மூக்குக்கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது.

"ம்" என்றார் மாமனார்.

நட்சத்திரங்கள் ஒட்டட்டும் என்று கெட்டிப் பாகை ஊற்றினார். கனம் தாங்காமல் மோட்டார் புகைந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு மாவு கலக்கும் இயந்திரத்தின் மோட்டாரை மாட்டினார். அது மாவைக் கலக்கிய வேகத்திலேயே கேக்கையும் கலக்கப் பார்த்தது. நட்சத்திரங்கள் தெருவரை போயின. அவற்றைப் பொறுக்கக்கூட நேரமில்லை. புதிதாகச் சிலவற்றைச் செருகி, அவரும் மாமனாருமாக மேசையோடு அரங்கத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தரையைத் தொடும் துணியால் மேசையை மூடினார்கள். அழைப்பு வந்ததும் கேக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், கேக் ராஜநடையில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நட்சத்திரம்கூட அசையவில்லை.

"நட்சத்திரங்களைப் பிடிச்சு வெச்சிருக்கறது எதுன்னு யாருக்காவது தெரியுதா?" என்று விஞ்ஞானி அம்மா கூட்டத்தைக் கேட்டார். தெரியவில்லை என்று தலைகள் ஆடின. அதுதான் கரும்பொருள் என்றார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. சிற்றுண்டிக் கடை உங்களுக்குத்தான் என்று அங்கேயே அறிவித்தும் விட்டார்.

கேக்காரருக்குக் கண் கலங்கியது. முதலில் மாமனாரிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பினார். மாமனாருக்குப் போட்டிருந்த நாற்காலி காலி. இதைக்கூடப் பார்க்காமல் போய்விட்டாரே என்று மனம் சுருங்கியது. சுவிட்சை அணைத்தும் கேக் நிற்கவில்லை. குனிந்து துணியைத் தூக்கினார்.

உள்ளே, வியர்த்து விறுவிறுத்து, சுழல்தட்டின் அச்சை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றியபடி மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"அந்த மோட்டாரை அப்பவே கழட்டிட்டேன் மாப்பிள்ளை. கைதட்டி முடிச்சுட்டாங்களா, இல்ல இன்னும் கொஞ்சம் சுத்தட்டுமா?"