வரியில்லாத ஊரில் ஐந்து ஆடுகள்

“என் நிலத்துல உங்களுக்கு என்னய்யா வேலை? எஞ்சினை நிறுத்துங்க!”

டெரன்ஸ் கையில் மடிக்கணினியோடு புல்வெளியில் நின்று கத்தினான். புது வேலையில் அவனுடைய முதல் காணொளிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேலாளர் கென் பேசுவதில் ஒரு வார்த்தைகூட டிராக்டர் சத்தத்தில் காதில் விழவில்லை.

டிராக்டரில் இருந்தவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தொப்பியைத் தூக்கினார். “நான் லானி. பக்கத்து வீடு. புல்லு நல்லா வளந்திருக்கு தம்பி. வழக்கமா நான்தான்...”

“வழக்கமா நீங்க வெட்டுவீங்க, வித்துக் காசு பாப்பீங்க. கலிபோர்னியாக்காரன் இளிச்சவாயன்னு நெனச்சீங்களா? கிளம்புங்க.”

லானி சண்டைக்கு வரவில்லை. “உங்க இடம், உங்க இஷ்டம்” என்று வண்டியைத் திருப்பினார். வந்த முதல் வாரமே ஒரு திருட்டைத் தடுத்துவிட்டதில் டெரன்ஸுக்கு ஏக திருப்தி.

கலிபோர்னியாவில் சம்பளம் கைக்கு வருவதற்குள் மாநில அரசு வருமான வரி என்று ஒரு வாய் கடித்துக்கொள்ளும். டெக்சஸில் அந்தத் தொல்லை கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் மனைவி மார்லாவை அவளுடைய அக்காவிடமிருந்து பிரித்துக் கூட்டி வந்திருந்தான். வீட்டு வரி? இந்த இடத்தை அவனுக்கு விற்ற அம்மாள் கட்டிவந்த தொகையைப் பார்த்தான், சிரிப்பு வந்துவிட்டது. காப்பீட்டுக் கம்பெனியில் ஊரார் ஆபத்தையெல்லாம் கணக்குப் போடுகிறவன், தன் கணக்கை அந்தச் சிரிப்போடு முடித்துக்கொண்டான்.

“இந்த வருஷம் பாப்பேன்” என்றாள் மார்லா. “நீ சொன்ன மிச்சம் கையில நிக்கலேன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீ ஆடிப்பாடிக்கிட்டு இங்கயே இரு.”

சில மாதம் கழித்து வரி அலுவலகத்திலிருந்து வெர்னா என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

“அது பழைய சொந்தக்காரங்க கட்டின வரி சார். விவசாய நிலம்னு சலுகை இருந்துது. கைமாறிட்டா நீங்க புதுசாக் கேக்கணும். கேக்கலேன்னா ஆறு மடங்கு ஆயிடும்.”

டெரன்ஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். தப்பித்து வந்த வரியைவிட இது பெரிய வரி.

“இப்ப அங்க விவசாயம் ஏதாவது நடக்குதா?”

“அமோகமா நடக்குது” என்றான் டெரன்ஸ்.

“அப்ப சரி. ஒருநாள் வந்து பாக்கறேன்.”

விவசாயத்தைப் பற்றிக் கேட்க அக்கம்பக்கத்தில் லானியை விட்டால் ஆள் இல்லை. டெரன்ஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் நின்றான். லானி பழசு எதையும் பேசாமல் காப்பி கொடுத்தார்.

“ஆடு வளருங்க தம்பி. இந்தப் பக்கம் பாதிப் பேர் வரிக்குத்தான் வளக்கறாங்க. எங்கிட்டயே விலைக்கு அஞ்சு இருக்கு.”

ஆடுகள் வந்தன. முதல் நாள் மார்லாவின் ரோஜாச் செடிகளைத் தின்றன. மறுநாள் காரின் மேல் ஏறி நின்று ஊரைப் பார்த்தன.

“வேலி போடணும்” என்றார் லானி. வேலிக் கம்பியும் அவரிடமே இருந்தது.

வேலிக்குள் நரி வந்தது.

“கழுதை இருந்தா நரி அண்டாது. விரட்டி விரட்டி உதைக்கும்” என்றார் லானி. கழுதையும் அவரிடமே இருந்தது.

கழுதை நரியை விரட்டியது உண்மை. ஆனால் டெரன்ஸ் கூட்டத்தில் வாயைத் திறக்கும்போதெல்லாம் அதுவும் ஜன்னலோரம் வந்து வாயைத் திறந்தது.

“டெரன்ஸ், உங்க பக்கத்துல யாரு?” என்றார் கென்.

“குடும்ப விஷயம் சார்.”

“இன்னும் ஒரு தடவை அந்தச் சத்தம் கேட்டா, குடும்பத்தையே முழு நேரமும் கவனிச்சுக்கலாம்.”

மார்லா அன்றே பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து வெளியே வைத்தாள். வெர்னா வந்து தலையாட்டிவிட்டால் போதும், வேலை போனாலும் மனைவியாவது மிஞ்சுவாள் என்று டெரன்ஸ் நினைத்துக்கொண்டான்.

வெர்னா வந்தாள். கழுதையை அமைதியாக வைத்திருக்க லானி கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். வெர்னா ஆடுகளைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள், மழையில்லாமல் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்த பன்னிரண்டு ஏக்கரையும் பார்த்தாள்.

“இங்க இருந்த புல்லெல்லாம் எங்க சார்?”

“எல்லாம் ஆடுங்க தின்னுடுச்சும்மா” என்றான் டெரன்ஸ் பெருமையாக.

“இவ்வளவு நிலத்துக்கு அஞ்சு ஆடு கணக்குலயே வராதே.”

வாசலில் மார்லா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

“எத்தனை வேணும்? சொல்லுங்கம்மா, நாளைக்கே வாங்கறேன்” என்று டெரன்ஸ் கெஞ்சினான். “முன்னாடி இருந்த அம்மா எத்தனை வெச்சிருந்தாங்க?”

“அவங்களா? ஒரு ஆடுகூட இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் வருஷா வருஷம் வந்து தீவனத்துக்குப் புல்லு வெட்டிட்டுப் போவார், அந்தச் சலுகை அதுக்குத்தான்” என்ற வெர்னா ஓரமாகத் திரும்பினாள். “ஏன் லானி அண்ணே, இந்த வருஷம் நீங்க வரலையா?”