இடப்பக்கப் படிக்கட்டு வழக்கு

வணக்கத்துக்குரிய வக்கீல் சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. என் வலது முழங்காலும் அறிவியல் ஆசிரியையின் மூக்குக்கண்ணாடியும் நீங்கலாக இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலமும், சித்தி நலமும், உங்கள் கட்சிக்காரர்கள் நலமும் அறிய ஆவல்.

போன விடுமுறையில், "காரணம் கேட்டுப் பழகு. காரணம் இல்லாத சட்டம் வெறும் அதட்டல்" என்று சொன்னீர்கள். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். வினை அங்கேதான் தொடங்கியது. எங்கள் பள்ளியில் இடப்பக்கப் படிக்கட்டில் ஏற வேண்டும், வலப்பக்கப் படிக்கட்டில் இறங்க வேண்டும். ஏன் மாற்றி வைக்கக் கூடாது என்று உடற்பயிற்சி ஆசிரியரிடம் கேட்டேன். "அது அப்படித்தாம்மா" என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்? இரண்டையும் எண்ணிப் பார்த்தேன். இரண்டிலும் இருபத்திரண்டு படிகள், ஒரே அகலம், ஒரே கைப்பிடி. ஆகவே விதிக்கு அடிப்படையே இல்லை என்று தலைமையாசிரியைக்குப் பதினொரு பக்க மனு கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு, ஒரு வாரம் விதியே இல்லாமல் இருந்து பார்க்கச் சொன்னார். ஒரு வாரமெல்லாம் தேவைப்படவில்லை, சித்தப்பா. முதல் இடைவேளை மணி அடித்ததும் மேலேயிருந்து ஒரு கூட்டம் இறங்க, கீழேயிருந்து ஒரு கூட்டம் ஏற, நான் பாட்டுக்கு மனுவின் இரண்டாம் பாகத்தைப் படித்துக்கொண்டே ஏறிப்போய், எலும்புக்கூடு பொம்மையைத் தூக்கிக்கொண்டு இறங்கின அறிவியல் டீச்சர் மேல மோதி, நாங்க மூணு பேரும் சேர்ந்தே உருண்டோம். எலும்புக்கூட்டோட கை என் பின்னல்ல மாட்டிக்கிச்சு. என் தோழி குனிந்து பார்த்து, "இது மனுவில எத்தனாவது பக்கம்டி?" என்றாள்.

கீழே கிடந்தபோதுதான் புரிந்தது. இடமா வலமா என்பதற்குத்தான் காரணம் இல்லை. ஏதாவது ஒன்று வேண்டும் என்பதற்கு இருக்கிறது. இதையும் நீங்கள் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

இதற்குத் தண்டனையாக, மாணவ நூலகராக நான் வைத்திருக்கும் நூலகச் சாவியை என்னிடமிருந்து வாங்கிவிடலாமா என்று திங்கட்கிழமை விசாரணை. இரண்டு வருஷமா அது என்கிட்டதான் இருக்கு. அது போனால் மதிய இடைவேளையில் நான் எங்கே போவேன்? தயவுசெய்து வந்து வாதாடுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், முழங்காலைச் சாட்சியாகக் காட்டுகிறேன்.

சித்திக்கு என் வணக்கம், தம்பிக்கு முத்தம். உங்கள் வழக்குகள் எல்லாம் வெல்லட்டும், என்னுடையது முதலில்.

இப்படிக்கு,
காரணம் கேட்டுப் பழகிய
அண்ணன் மகள்

பின்குறிப்பு: தபாலில் போட மறந்து திங்கட்கிழமையும் போய்விட்டது. நீங்கள் வர வேண்டாம். சாவி என்னிடமே இருக்கிறது. தண்டனையாகப் புது விதியை என்னையே எழுதச் சொன்னார்கள். வலப்பக்கம் ஏறு, இடப்பக்கம் இறங்கு என்று எழுதி ஒட்டிவிட்டேன். மாடி நூலகத்துக்கு வலப்பக்கம்தான் கிட்ட. இன்று காலை ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நோட்டும் கையுமாக வந்து, ஏன் என்று கேட்டாள். "அது அப்படித்தாம்மா" என்றேன். அவள் அதை எழுதி, அடிக்கோடும் போட்டுக்கொண்டாள்.