காது கொடுத்த கதை

ஒரு சனிக்கிழமை காலை, முகம் கழுவிய கையோடு கண்ணாடியைப் பார்த்து ஒரு சபதம் எடுத்தேன். இந்த மாதம் முடிவதற்குள் ஆறு மணியை மீட்டே தீருவேன்.

எல்லா ஆறு மணியும் எனக்கு வேண்டாம். மற்ற நாட்களின் ஆறு மணியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். சனிக்கிழமை மாலை ஆறு மணி மட்டும் என்னுடையது. அப்போது டிவியில் ஃபுட்பால். வாரம் முழுக்க நான் உயிரோடு இருப்பதற்கான காரணங்களில் முதலிடம் அதற்குத்தான். இரண்டாவது இடம் என் மனைவிக்கு. அவள் இதைப் படிக்க நேர்ந்தால் வரிசையை மாற்றிப் படித்துக்கொள்ளட்டும்.

நான் மெத்தப் படித்தவன் இல்லை. மெத்தை விற்கிறவன். மெத்தைக் கம்பெனியில் விற்பனை மேலாளர். அழுத்தினால் அமுங்க வேண்டும், கையை எடுத்தால் எழும்ப வேண்டும் என்பது எங்கள் தொழில் தர்மம். வீட்டில் முதல் பாதியை மட்டும் கடைப்பிடிக்கிறேன். என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஸ்டியரிங் அடுத்தவர் கையில் இருக்கும்போதே பக்கத்து சீட்டிலிருந்து பிரேக் போடுவதுதான் அவள் பிழைப்பு. இதற்குமேல் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

என் ஆறு மணியைப் பறித்தது 'காது கொடு' என்கிற நிகழ்ச்சி. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இசை என்றால் என்னவென்று சொல்லித்தரும் நிகழ்ச்சி. போட்டி கிடையாது, மார்க் கிடையாது, தோற்றவர்கள் அழுவதும் கிடையாது. அரங்கத்தில் பிள்ளைகள் தரையில் கும்பலாக உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் பெரிய வாத்தியக் குழு. நடுவில், முகத்தைவிடப் பெரிய கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். கடிகாரத்தைக் கழற்றி உள்ளே இருக்கும் சக்கரங்களைக் காட்டுவதுபோல அவர் பாட்டைக் கழற்றிக் காட்டுவார். பதினைந்து வயதாகும் என் ஒரே மகள் அந்த நிகழ்ச்சியில் விழுந்துவிட்டாள். செல்போனில் பார்த்தால் சத்தம் சின்னதாகிவிடுமாம். பெரிய ஸ்பீக்கர் வேண்டுமாம். ஆக, டிவி அவளுக்கு.

மனைவியிடம் முறையிட்டேன். இத்தனை வருஷமாகப் பந்தைப் பார்க்கிறீர்களே, ஒருதடவையாவது அது உங்கள் பக்கம் வந்திருக்கிறதா என்று கேட்டாள். வழக்கு தள்ளுபடியானது.

சண்டை போட்டு ஜெயிக்க முடியாத வீட்டில் மூளையைத்தான் நம்ப வேண்டும். யோசித்தேன். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஒரு பொருள் பிடிக்காமல் போக வேண்டுமென்றால் அது அவள் அப்பாவுக்குப் பிடித்தால் போதும். எனக்கு இதில் அனுபவம் உண்டு. அவள் போட்டிருந்த மாதிரியே ஷூ வாங்கினேன், மறுநாள் அவள் ஷூ அலமாரியின் அடியில் போய்விட்டது. அவள் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தையை நானும் ஒருநாள் சொன்னேன், அந்த வார்த்தை எங்கள் வீட்டில் செத்தே போனது. ஆகவே 'காது கொடு' எனக்கு உயிருக்கு உயிராகப் பிடித்துவிட வேண்டும். அவள் தானாக எழுந்து ஓடுவாள். ரிமோட் என் மடியில் வந்து விழும்.

அன்று மாலை ஐந்தரைக்கே சோபாவில் இடம் பிடித்தேன். மகள் வந்து பார்த்துவிட்டு, அப்பா, இன்றைக்கு உங்கள் மேட்ச் இருக்கிறதே என்றாள். மேட்ச் கிடக்கிறது, மனிதனுக்கு இசை அல்லவா முக்கியம் என்றேன். அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே இன்னொருதடவை மடித்தாள்.

நிகழ்ச்சி தொடங்கியது. கண்ணாடிக்காரம்மா ஒரு பலகையில் ஒரே ஒரு கம்பியைக் கட்டி மீட்டினார். டொய்ங். பிறகு கம்பியின் சரிபாதியில் விரலை வைத்து மறுபடி மீட்டினார். அதே சுரம். ஆனால் ஒரு மாடி மேலே. கம்பி பாதியானால் அது இரண்டு மடங்கு வேகமாக அதிரும், நம் காது அந்தக் கணக்கைத்தான் இனிமை என்று சொல்கிறது என்றார். உங்களில் யாரும் கணக்குப் போடவில்லை, உங்கள் காது போட்டுவிட்டது என்றார்.

நான் தலையாட்டித் தலையாட்டிப் பாராட்ட வேண்டும் என்று திட்டமிட்டிருந்தேன். ஆட்ட மறந்துவிட்டேன். கணக்கில் எப்போதும் விழுந்து எழுந்தவன் நான். எனக்குத் தெரியாமல் என் காது மட்டும் இத்தனை வருஷமாகக் கணக்கில் முதல் மார்க் வாங்கிக்கொண்டு என் தலையின் இரண்டு பக்கமும் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மகள் சோபாவின் அந்த ஓரத்துக்கு நகர்ந்தாள். திட்டம் வேலை செய்கிறது என்று நினைவு வந்து, அபாரம் அபாரம் என்று சத்தமாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் பியானோவில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினார். அரங்கம் முழுக்க வெயில் அடித்த மாதிரி இருந்தது. நடுவில் இருந்த ஒன்றை மட்டும் பக்கத்துக் கருப்புக் கட்டைக்கு, அரைப்படி கீழே இறக்கினார். வெளியில் யாரோ விடைபெற்றுக்கொண்டு போன மாதிரி ஆகிவிட்டது. வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒரு விரல், ஒரு இம்மி. என் கண்ணில் தண்ணீர். ஜலதோஷம் என்று மூக்கை உறிஞ்சினேன். உலகத்தின் துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் ஒரு விரல் அகலம்தான் என்பதை எனக்கு யாரும் அதுவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் சரியாக இல்லை. நிகழ்ச்சியில் காட்டியபடி, ஆபீஸில் மேஜைக்கு அடியில் ஒரே நேரத்தில் ஒரு முழங்காலில் இரண்டு, இன்னொரு முழங்காலில் மூன்று என்று தட்டிப் பழகினேன். முதலாளி பேசி முடித்துவிட்டு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டபோது, மூன்றாவது தட்டு சற்று முந்தி விழுகிறது என்று சொல்லிவிட்டேன். வீட்டில் டம்ளர்களில் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்ததை மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

"சுரம்."

நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "சூடு இல்லையே."

"அந்தச் சுரம் இல்லம்மா. இந்த டம்ளர்ல ஒரு சுரம் குறையுது."

அவள் என் கையிலிருந்து கரண்டியை வாங்கவில்லை. நிதானமாக இன்னொரு டம்ளரை எடுத்துவந்து வைத்துவிட்டுப் போனாள். இவள் இவ்வளவு நல்லவளா என்று நான் நெகிழ்ந்துபோனேன். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை திட்டம் பலித்தது. நிகழ்ச்சியின் முகப்பு இசை வந்ததுமே மகள் எழுந்தாள். "நீங்க பாருங்கப்பா. நான் மேல்வீட்டுக்குப் போயிட்டு வரேன்." மேல்வீட்டில் மருந்துக்கடைக்காரர் குடும்பம். அவர் என் மனைவியிடம் கார் பழகுகிறவர். அதனால் அவள் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர்.

ரிமோட் என் மடியில் விழுந்தது. சபதம் நிறைவேறியது. ஃபுட்பாலைப் போட்டேன். பந்து இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. அதில் தாளமும் இல்லை, தாத்பரியமும் இல்லை. ஒரு பெரிய பாட்டின் நடுவில் எல்லா வாத்தியங்களும் ஏன் ஒரு கணம் பேசாமல் நிற்கின்றன என்று கண்ணாடிக்காரம்மா அந்த வாரம் சொல்வதாக இருந்தார். அவர் சொல்லிக்கொண்டிருப்பார். நான் இங்கே பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் விரல் என்னைக் கேட்காமல் சேனலை மாற்றியது. திரும்பிப் பார்த்தேன். மனைவி கதவருகே நின்றாள்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் நான் கீழே, மகள் மேலே. சில சமயம் டிவியில் பியானோ நின்ற பிறகும் கூரையிலிருந்து பியானோ கேட்பதுபோல இருக்கும். ஸ்பீக்கர் அவ்வளவு உசத்தி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மனது உறுத்தியது. பெற்ற பெண்ணை இவ்வளவு பெரிய அதிசயத்திடமிருந்து விரட்டிவிட்டு நான் ஒருத்தன் சோபா முழுக்கப் பரந்து உட்கார்ந்திருக்கிறேன். அவளை எப்படித் திரும்ப அழைப்பது என்று தெரியவில்லை. அழைத்தால் எதற்காக விரட்டினேன் என்று சொல்ல வேண்டும்.

கடைசி வாரம் வந்தது. பிள்ளைகள் தாங்களே இசை அமைத்து அனுப்பியிருந்ததை அன்று வாத்தியக் குழு வாசித்தது. வீட்டில் தினமும் காதில் விழும் ஒரு பேச்சை எடுத்து, அது எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று கவனித்து, அதையே மெட்டாக்க வேண்டும் என்பது கண்ணாடிக்காரம்மா கொடுத்த வேலை. இரண்டு மூன்று முடிந்தன. அடுத்து ஒரு வீடியோ. ஒரு பழைய பியானோ. அதன் முன்னால் பின்னல் தோளில் புரள ஒரு பெண். அந்தப் பின்னல் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டால் அதைப் பின்னுவது நான்தான்.

"இது எங்கப்பா குளிக்கும்போது கேக்கறது," என்றாள் டிவியில் என் மகள். "'துண்டு எங்க'ன்னு தினமும் கேப்பார். கடைசில மேல போயி நிக்கும். அப்படியே வாசிக்கிறேன்."

வாசித்தாள். நான் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன். அது நான்தான். வார்த்தை இல்லாத நான். ஈரத்தோடு கதவிடுக்கில் நிற்கும் நான். அடுத்து அவள் இடது கையால், கீழ்க்கட்டைகளில், அசராமல் இறங்கும் நான்கு சுரங்கள். "இது எங்கம்மா. 'அங்கேதான் இருக்கு.'"

வீடியோ முடிந்ததும் கண்ணாடிக்காரம்மா கையை உயர்த்தினார். வயலின்கள் எல்லாம் சேர்ந்து, துண்டு எங்கே என்று கேட்டன. ஒரே கேள்வியை ஒவ்வொன்றும் ஒவ்வொரு படியில் கேட்டன. குழல்கள் கெஞ்சின. பித்தளை வாத்தியங்கள் அதட்டின. உலகம் தோன்றிய நாளிலிருந்து மனிதன் எதையோ தேடிக்கொண்டு ஈரத்தோடு நிற்கிறான் என்று எனக்குத் தோன்றியது. சட்டென்று எல்லாம் நின்றன. மூச்சு விடும் நேரம் ஒரு மௌனம். அந்த மௌனத்துக்குள்ளிருந்து, ஆள் உயரப் பெரிய வாத்தியங்கள் மெதுவாக, அலுக்காமல், அங்கேதான் இருக்கு என்றன. நான் ஆபீஸிலும் அழுததில்லை, என் கல்யாணத்திலும் அழுததில்லை. அன்று துண்டுக்காக அழுதேன். கேட்காமலே ஒரு துண்டு என் தோளில் வந்து விழுந்தது. மனைவி பின்னால் நின்றிருந்தாள்.

வாசலில் மகள் நின்றாள். அவள் முகத்தில் பயம். அப்பாவை ஊருக்கு முன்னால் குளியலறையில் நிறுத்திவிட்டோமே என்கிற பயம். நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். சாதாரணக் கை. நகத்தில் பேனா மை. இந்தக் கையா அதைச் செய்தது என்று நம்ப முடியவில்லை.

"கேளும்மா," என்றேன். "நீ பியானோ கத்துக்கணும். இந்த வீட்டுக்கு ஒரு பியானோ வரணும். அதுக்காக எதை விடச் சொன்னாலும் நான் விடுறேன்."

"எதை வேணும்னாலுமா?" என்று கேட்டது மனைவி.

"எதை வேணும்னாலும்."

"பேச்சு மாறக் கூடாதுங்க."

"மாறினா என்னை அப்பான்னே கூப்பிட வேண்டாம்."

மனைவி மாடிப்படியை அண்ணாந்து பார்த்து, "சார், இறக்கலாம்," என்று குரல் கொடுத்தாள்.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மகளை மேலே அனுப்பியது நான் இல்லை. நான் சோபாவில் வந்து உட்கார்ந்து அபாரம் என்ற அன்றே, மேட்ச் நேரத்தில் இந்த மனுஷனுக்கு இசை பிடித்தால் அதில் ஏதோ திருட்டுத்தனம் இருக்கிறது என்று மனைவி புரிந்துகொண்டாள். ஆனால் தடுக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் வீட்டில் வெளியூர் போய்விட்ட மகனின் பியானோ தூசி படிந்து கிடந்தது. மகள் செல்போனில் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே அதில் பழகட்டும், நான் கீழே உட்கார்ந்து பக்குவமாகட்டும் என்று விட்டுவிட்டாள். எனக்குத் தெரியாமல் வீடியோ எடுத்ததும் அவள்தான். மெத்தையை அழுத்துவதைவிட அதை ஊற வைப்பது சுலபம் என்று கண்டுபிடித்தவள் என் மனைவி. எங்கள் கம்பெனியில் இந்த ஆராய்ச்சி இன்னும் நடக்கவில்லை.

மேலே தயாராக நின்ற ஆட்கள் நாலு பேர் பிடித்து, படியில் இடிக்காமல், பியானோவை இறக்கிக்கொண்டுவந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கூடவே வந்து, சார் உங்கள் பெருந்தன்மை யாருக்கு வரும் என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூடத்துச் சுவரை ஏற்கெனவே அளந்து வைத்திருந்தாள் மனைவி. ஒரே ஒரு இடத்தில்தான் பியானோ அடங்கும். அந்த இடத்தில் டிவி இருந்தது.

"டிவியை எங்க வைக்கிறது?" என்று கேட்டேன்.

"அவங்க வீட்டு டிவி கெட்டுப்போயி ரொம்ப நாளாச்சுங்க," என்றாள் மனைவி. "பியானோவுக்கு வேற எதுவும் வேணாம்னுட்டாங்க."

மகள் பியானோவில் உட்கார்ந்து மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாள். கூடம் முழுக்க வெயில் அடித்தது. அப்படியே நின்று கேட்டேன். பேச்சு மாறவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை.

டிவியின் ஒரு பக்கத்தை மருந்துக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். அது ஒரு கீறலும் இல்லாமல் மாடி போய்ச் சேர வேண்டுமே என்று இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனது நான்தான்.