பன்னிரண்டு வோல்ட் பேய்

மனிதனுக்குப் பேய் பிடித்தால் ஓட்டுவதற்கு ஊருக்கு நாலு பேர் உண்டு. மோட்டாருக்குப் பிடித்தால்? தருமபுரி ஜில்லா முழுவதும் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒரே ஒருவர்தான் தேறுவார். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரத்துக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த மோட்டார் சாமியார்.

கார், வேன், லாரி, டிராக்டர் எதுவானாலும் பார்ப்பார். ஸ்கூட்டருக்குக் குட்டிப் பேய் என்பதால் பாதி தட்சிணை. அமாவாசை தோறும் கொட்டகை முன்னால் வண்டிகள் வரிசை கட்டும். எலுமிச்சம்பழம் ஒன்றுக்கு இரண்டு விலை போகும். எதிரே டீக்கடை வைத்திருந்த சென்னப்பனுக்கு அன்றைக்கு மட்டும் பால் இரண்டு கேன் கூடுதலாக வரும். சாமியாருக்குப் பேய்களிடம் எவ்வளவு செல்வாக்கோ தெரியாது, சென்னப்பனுக்குப் பேய்கள் மேல் மிகுந்த மரியாதை.

அந்த அமாவாசைக்கு வரிசையில் முதலாவதாக நின்றது நல்லம்பள்ளி மாதப்பனின் அம்பாசடர்.

மாதப்பன் பதினோரு வருஷம் ஊரார் லாரியை ஓட்டிவிட்டுச் சொந்தமாக வாங்கிய பழைய வாடகைக் கார் அது. பிரசவ வலி, பாம்புக் கடி, பெண் பார்க்கும் படலம் எல்லாவற்றுக்கும் நல்லம்பள்ளிக்கு அந்தக் கார்தான். தொப்பூர்க் கணவாயில் லாரிகள் உருளுவதைப் பார்த்துப் பயந்து, காருக்கு ஒரு காப்பு இருக்கட்டும் என்று மூன்று மாதம் முன்பு சாமியாரிடம் வந்திருந்தான். சாமியார் மந்திரித்த செப்புத் தகடு ஒன்றை இலவசமாகவே கொடுத்தார். அது மட்டுமா? தன் கையாலேயே பானட்டைத் திறந்து உள்ளே கட்டியும் விட்டார். இலவசம் என்றதும் மாதப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. நம்மவர்களுக்கு எதற்குக் கண் கலங்க வேண்டும் என்று ஒரு கணக்கே கிடையாது.

அதற்கப்புறம்தான் கார் தானாகக் கத்த ஆரம்பித்தது.

பள்ளத்தில் இறங்கினால் பாம்! கதவைச் சாத்தினால் பாம்! கல்யாண ஜோடியை ஏற்றிக்கொண்டு போனான். கத்திய கத்தலில் பெண் பாதி வழியில் இறங்கி, பட்டுப்புடவையோடு நடந்தே போனாள். ஒரு சாவு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். பாடையைத் தூக்கும் நேரம் பார்த்து ஹாரன் அலறியது. பங்கு பிரித்தது செத்தவருக்குப் பிடிக்கவில்லை என்று பங்காளிகள் அங்கேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதோடு சரி. மாதப்பன் வண்டியில் ஏற ஆள் இல்லை.

சாமியாரிடம் ஓடினான். சாமியார் கண்ணை மூடினார், திறந்தார்.

"தொப்பூர்க் கணவாய்ல லாரியோட வுழுந்து செத்த க்ளீனர்டா. கன்னடத்துக்காரன். ஒன் வண்டில ஏறிக்கிட்டான்."

"தகடு கட்டியிருக்குதே சாமி?"

"தகடு இருக்கறதாலதான் ஹாரன் மட்டும் அடிக்கிறான். இல்லாட்டி ஸ்டீயரிங்கையே புடிச்சிருப்பான்!"

பேயை ஓட்ட மூன்று அமாவாசை பூஜை என்றார். இரண்டு முடிந்தது. பேய் போகவில்லை. மூன்றாவதிலும் போகாவிட்டால் காரை ஆசிரமத்துக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் குடும்பத்தில் ஒரு உயிர் போகும் என்று சொல்லிவிட்டார். ஆசிரமம் என்பது கொட்டகைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டாய். அங்கே ஏற்கெனவே ஏரியூர் நஞ்சப்பன் விட்டுவிட்டுப் போன வேன் பேயோடு நின்றது. அந்த வேன் வாரத்தில் நான்கு நாள் பாலக்கோட்டுத் தக்காளியை ஏற்றிக்கொண்டு சேலம் போய் வந்தது. பேய் ஒரு தடவைகூட மறுப்புச் சொன்னதில்லை.

இன்றைக்கு மூன்றாவது அமாவாசை. பத்திரத் தாளை வாங்கி மடித்து மாதப்பன் சட்டைப் பையில் வைத்திருந்தான். "எலக்ட்ரீசியன்கிட்ட ஒருக்கா காட்டலாங்க" என்று அவன் மனைவி செல்லி ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்தாள். "பேய்க்கு எலக்ட்ரீசியனாடி?" என்று அவன் சிரித்தான். அதனால் இன்று விடிந்ததும் அவளே பஸ் ஏறிப் போய்விட்டாள். எங்கே என்று சொல்லவில்லை.

உச்சி வெயில். கூட்டம் காரைச் சுற்றி நின்றது. சாமியார் ஒரு கை வேப்பிலைக் கொத்தை எடுத்தார். அடிக்கட்டை கட்டை விரல் தடிமன் இருக்கும்.

"டேய்! நீ யாருடா? க்ளீனரா?"

பானட் மேல் பளார் என்று ஓர் அடி.

பாம்!

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"எறங்குவியா, மாட்டியா?" பளார்.

பாம்!

"மாட்டேங்கிறான்!" என்று மொழிபெயர்த்தார் சாமியார். பிறகு பேய்க்குப் புரியட்டும் என்று கன்னடத்தில் விரட்டினார். "பாரோ! பாரோ!" போகச் சொல்வதாக அவர் நினைப்பு. கன்னடம் தெரிந்த நஞ்சப்பன் கூட்டத்தில் நின்றுகொண்டு, சாமி ஏன் பேயை வா வா என்று கூப்பிடுகிறார் என்று குழம்பினான். குழப்பம் வந்தால் கேட்கும் பழக்கம் நம் ஊரில் இல்லாததால் சும்மா இருந்தான்.

"மாதப்பா, கேட்டியா? போவ மாட்டானாம். தாள எடு."

மாதப்பன் பையில் கை விட்டான். பதினோரு வருஷம் அந்தக் காகிதத்தோடு சேர்ந்து விரலில் நெருடியது.

"இருங்க, இருங்க!"

டவுன் பஸ்ஸிலிருந்து செல்லி இறங்கி ஓடி வந்தாள். பின்னால் கித்தான் பையோடு அப்துல் சுபான் நிதானமாக வந்தார். தருமபுரியில் கார், லாரிக்கு ஒயரிங் பார்ப்பவர். தலையில் பாதி நரை, விரல் முழுக்கக் கிரீஸ்.

"என்னா மாதப்பா, கார் பேசுதாமே? என் வண்டி எல்லாம் காசு கேக்குமே ஒழிய, ஒரு வார்த்த பேசுனதில்ல."

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டு, பயந்து வாயை மூடிக்கொண்டான்.

"சாமி, நானும் ஒரு கேள்வி கேக்கலாங்களா?" என்றார் சுபான். "அதே கேள்விய அடிக்காம கேளுங்க."

"என்னாது?"

"வேப்பிலைய கீழ வெச்சிட்டு, வாயால மட்டும் கேளுங்க. பேய்க்குக் காது இருக்குதில்ல?"

சாமியாருக்கு வேறு வழியில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. "டேய்! நீ யாருடா?"

கார் பேசவில்லை.

"யாருடா நீ!"

நெடுஞ்சாலையில் ஒரு லாரி போன சத்தம் மட்டும் கேட்டது.

"அந்நிய நெழலு பட்டுடுச்சு. அதான் வாய் தொறக்கல" என்றார் சாமியார்.

சுபான் குனிந்து தரையைப் பார்த்தார். "உச்சி வெயில்ல என் நெழலு என் செருப்புக்குள்ளதான் இருக்குது சாமி. சரி, நான் போறேன்." சென்னப்பன் கடைக்குப் போய் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். அதுவரையிலும் கார் பேசவில்லை. கடைசியில் சாமியார் பொறுமை இழந்து ஓங்கி ஒன்று போட்டார்.

பாம்!

"பாத்தீங்களா! பேசிட்டான்!"

"பாத்தேன். அடிச்சாத்தான் பேசறான்." சுபான் பானட்டைத் தூக்கினார். பேட்டரியில் ஒரு ஒயரைக் கழற்றினார். பானட்டை மூடினார். "இப்ப அடிங்க."

சாமியார் அடித்தார். சத்தம் இல்லை. மறுபடி அடித்தார். இலை உதிர்ந்தது. கட்டை மட்டும் மிஞ்சும் வரை அடித்தார். பேய் மூச்சு விடவில்லை. சாமியார் சட்டென்று இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"ஓடிட்டான்! ஓட்டிட்டேன்!"

"அப்பாடா" என்றாள் செல்லி. "அப்ப வண்டிய நாங்க வூட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போறோங்க. என்னாங்க, அந்தத் தாளக் கிழிச்சுப் போடுங்க."

சாமியாரின் கை பாதியில் நின்றது. "இல்ல... ஓடல. ஒளிஞ்சிருக்கான்."

"ஓடிட்டானா, ஒளிஞ்சிருக்கானா? ஒண்ணு சொல்லுங்க சாமி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் கொட்டகை முன்னால் யாரோ கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒளிஞ்சிருக்கற எடத்தக் காட்டறேன்" என்று சுபான் ஒயரை மாட்டினார். மாட்டியதும் சாமியார் ஆத்திரத்தில் கட்டையால் ஓங்கி ஒன்று விட்டார்.

பாஆஆஆம்!

இந்தத் தடவை நிற்கவே இல்லை. கூட்டம் சிதறியது. எலுமிச்சம்பழக் கூடை கவிழ்ந்தது. சுபான் உள்ளே கை விட்டுச் செப்புத் தகட்டைப் பிய்த்து எடுத்தார். அப்போதும் அலறல் ஓயவில்லை.

"தகட்ட எடுத்துட்டான்! இனி க்ளீனரு ஸ்டீயரிங்கப் புடிப்பான்!" என்று சாமியார் குதித்தார்.

போயிற்று. காரும் போயிற்று, அடுத்து யார் உயிரோ. மாதப்பன் மடித்த தாளைச் சாமியார் பக்கம் நீட்டினான். செல்லி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

சுபான் உள்ளே இருந்த ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைத் திருப்புளிப் பிடியால் 'டொக்' என்று தட்டினார்.

கப்சிப்.

ஒயரைக் கழற்றி, பெட்டியின் மூடியைத் திறந்து மாதப்பன் கையில் வைத்தார். "இதுதான் ஒன் க்ளீனரு. ரிலேன்னு பேரு. ஹாரனுக்குக் கரண்ட் வுடற வாசக்கதவு. நீ பட்டன அமுக்குனா கதவு தொறக்கணும். சாமி தகட்டச் செப்புக் கம்பியில கோத்து, சரியா இதோட முனையில தொங்க வுட்டிருக்காரு. வண்டி குலுங்குனா தகடு பாடில படும். பட்டா, பட்டன அமுக்குன மாதிரி கதவு தொறந்துக்கும். மூணு மாசமாக் கத்திக் கத்தி உள்ள ரெண்டு முனையும் தீஞ்சு ஒட்டிக்கிச்சு, பாரு. அதான் தகட்ட எடுத்தும் நிக்கல."

பையிலிருந்து புது ரிலே ஒன்றை எடுத்தார். ஒயர்களை மாட்டினார், இரண்டு திருகாணி, அவ்வளவுதான். மூன்று அமாவாசை வேலை மூன்று நிமிஷத்தில் முடிந்தது. மாதப்பனை உட்கார வைத்துப் பட்டனை அமுக்கச் சொன்னார். பாம், நின்றது. பானட்டைக் கையால் அறைந்தார். அமைதி. கதவைப் படாரென்று சாத்தினார். அமைதி.

"ஏம் பாய்" என்று கொட்டகை முன்னால் எலுமிச்சம்பழம் விற்றவன் சாமியாருக்காகக் கடைசி முயற்சி செய்தான், "ஒங்க தெருவுல மட்டும் தாயத்து கட்டறவன் இல்லியா?"

"ஏன் இல்ல? என் பொண்டாட்டி ஜான் பீயே ரெண்டு கட்டிக்கிட்டிருக்கா. கட்டுனவன்கிட்டயும் இதே மாதிரி ஒரு கேள்விதான் கேட்டேன். ரெண்டு வருசமா எனக்குச் சலாம் சொல்றதில்ல."

செல்லி இதையெல்லாம் கேட்கவில்லை. அவள் கொட்டகை ஓரம் நின்ற சாமியாரின் ஜீப்பின் பானட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமி! ஊருக்கெல்லாம் தகடு கட்டுனீங்களே, ஒங்க ஜீப்புல ஏனுங்க இல்ல?"

சுபான் அந்தச் செப்புத் தகட்டைக் கொண்டுபோய் ஜீப்புக்குள் அதே மாதிரி தொங்கவிட்டார். பானட்டில் ஒரு தட்டு. பாம்! க்ளீனர் ஜீப்புக்குக் குடி மாறிவிட்டான்.

"அடப்பாவி, என் வேனு!" என்று நஞ்சப்பன் தகரக் கொட்டாய்க்கு ஓடினான். மற்றவர்கள் சாமியார் பக்கம் திரும்பினார்கள். அவர் அதற்குள் ஜீப்பில் ஏறிக் கிளப்பிவிட்டார். தகட்டைக் கழற்ற நேரமில்லை. நெடுஞ்சாலையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பாம். எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஜீப்பே காட்டிக் கொடுத்தது. தருமபுரியில் போலீஸ் ஸ்டேஷன் எதிரே ஹாரன் அடித்த குற்றத்துக்காகத்தான் முதலில் பிடித்தார்கள். மற்றதெல்லாம் நஞ்சப்பன் போய்ச் சொல்லி எழுதிக்கொண்டது. பின்னால் விசாரித்ததில், சாமியார் முன்பு லாரி ஒயரிங் கடையில் வேலை பார்த்தவர் என்று தெரிந்தது. தொழிலை விடவில்லை, கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

கொட்டகை காலியானது. மாதப்பன் பத்திரத் தாளைச் சுக்கு நூறாகக் கிழித்தான். சுபானைக் கும்பிட்டான். பிறகு கையிலிருந்த தீய்ந்த ரிலேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பாய், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. பேயவே அடக்கி வெச்சிருந்த பொட்டி. இத எலுமிச்சம்பழத்தோட கோத்து வண்டி முன்னாடி கட்டிக்கட்டுங்களா? ராசியா இருக்குமில்ல?"

செல்லி தலையில் அடித்துக்கொண்டாள். சுபான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"மாதப்பா, வண்டில கெட்டது ரிலே. மாத்திட்டேன். ஒன் தலைக்குள்ள இருக்கறதுக்கு எந்தக் கடையிலயும் ஸ்பேர் கெடைக்காது. ஆனா ஒண்ணு, அது கெட்டுப் போவல. இத்தன வருசமா நீ கிளப்பவே இல்ல. எப்பவாச்சும் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாரு."