பக்லவா ஐஸ்கிரீமும் உசேன் பாயின் நாக்கும்

ராயபுரத்தில் இனிமேல் யாரும் தன்னை வெறும் உசேன் பாய் என்று கூப்பிடக்கூடாது, ‘ஐஸ்கிரீம் உசேன் பாய்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று, ரம்ஜான் பதினெட்டாம் நாள் விடியலுக்கு முந்தின சஹர் சோறு தொண்டையை விட்டு இறங்குவதற்குள், உசேன் பாய் முடிவு செய்தார்.

ஐஸ்கிரீமைச் செய்தது அவர் மனைவி ரஹீமுன்னிசா. ஆனால் பெரிய முடிவு எடுக்கும் ஆண்பிள்ளை இப்படிப்பட்ட சின்ன விஷயங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, கறி, முட்டை ஏற்றிவிடுவது அவர் தொழில். போன மாதம் வந்த கிரேக்கக் கப்பலின் சமையல்காரர், கத்தரிக்காய் நன்றாக இருந்த சந்தோஷத்தில், ஒரு தகர டப்பா நிறைய பக்லவா கொடுத்தனுப்பினார். மெல்லிசு மெல்லிசாக அடுக்கு, நடுவில் பொடித்த பருப்பு, மேலே தேன். உசேன் பாய் அதைத் தானே கடலில் குதித்துப் பிடித்ததுபோல வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ரஹீமுன்னிசா ஒரு மூலையைக் கடித்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள்.

“இன்னாங்க இது, நம்ம சமோசா மடிக்கிற பட்டிதான? நெய் தடவி அடுக்கிக்கீறான். பேருதான் வாயில நுழைய மாட்டேங்குது.”

“கிரேக்க நாட்டுப் பலகாரத்தப் போயி சமோசாப் பட்டின்றியே, உனக்கு நாக்குன்னு ஒண்ணு கீதா?”

அவள் பதிலை அடுப்பில் வைத்தாள். பாலைச் சுண்டக் காய்ச்சினாள். தேன் விட்டாள். நெய்யில் பொரித்த சமோசாப் பட்டியை நொறுக்கி, வறுத்த முந்திரியோடு அடுக்கடுக்காகப் போட்டு ஃப்ரீஸரில் வைத்தாள். போன வாரம் ஒரு நாள் நோன்பு திறந்த பிறகு தெருவே வந்து ருசி பார்த்தது. மார்க்கெட் முனையில் கூல்பார் வைத்திருக்கும் தாஹிரா அக்கா, ஸ்பூனைக் கீழே வைக்க மனசில்லாமல் கேட்டாள்: “பெருநாளைக்கு எனக்கு இருநூறு கப்பு வேணும். செஞ்சவங்க பேரப் பலகையில எழுதிக் கடை வாசல்லயே மாட்டுறேன்.”

பலகை என்ற சொல் காதில் விழுந்ததும்தான் உசேன் பாய்க்கு அந்த ஐஸ்கிரீம் மேல் திடீரென்று பெற்ற பாசம் வந்தது.

“தாஹிரா அக்காகிட்ட நான் போயி பேசிக்கிறேன்,” என்றார் பதினெட்டாம் நாள் காலை எட்டு மணிக்கு. “செஞ்சது நான்தான்னு.”

“நீங்களா செஞ்சீங்க?”

“பக்லவா கொண்டாந்தது ஆரு?”

“அரிசி கொண்டாந்து போட்டவன் பேர்லயா நான் இட்லி அவிக்கிறேன்?”

“தபாரு ரஹீமா. கப்பல் ஏறினவன் நானு. கிரேக்கக்காரன் கையால வாங்கித் துன்னவன் நானு. இந்த வூட்டுக்கு நாக்கே நான்தான். பலகையில எம் பேருதான் வரும். முடிஞ்சிபோச்சு.”

ஒரு பெரிய சண்டைக்குத் தேவையான எல்லாப் பதிலையும் அவர் கைவசம் தயாராக வைத்திருந்தார். எதற்கும் வேலை வரவில்லை.

“சரி, போங்க,” என்றாள் ரஹீமுன்னிசா. “நீங்க ஃபஜ்ர் தொழுதுட்டுத் தூங்கினு இருந்தப்போ புதுசா ஆறு கப்பு போட்டு வெச்சிக்கீறேன். இதுல வேற சாமான்லாம் சேத்துக்கீது. சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துனு போங்க. நான் தண்டையார்பேட்டை போயிட்டு வரேன்.”

“இன்னா சாமான்?”

“நீங்கதான செஞ்சீங்க? உங்களுக்குத் தெரியாதா?”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் உசேன் பாய், ஃப்ரீஸர், இரண்டு பேர்தான். மத்தியானம் இரண்டு மணி. இன்ன சாமான் என்று தெரியாமல் போய் நின்றால் மானம் போகும். நோன்போ காலையிலிருந்து இருக்கிறது. அவர் நீண்ட நேரம், அதாவது ஒரு நிமிஷம், யோசித்தார். இது சாப்பிடுவதில் சேராது. இது சரக்குப் பரிசோதனை. கப்பலுக்கு ஏற்றும் முன் தக்காளியை அமுக்கிப் பார்ப்பதில்லையா?

முதல் ஸ்பூனில் ஆரஞ்சுத் தோல் தெரிந்தது. இரண்டாவதில் கிராம்பு. மூன்றாவது, முதலாவதை உறுதி செய்ய. நான்காவது, மூன்றாவதின் மேல் நம்பிக்கை இல்லாததால். பரிசோதனை முடிந்தபோது கப்பு பளபளவென்று இருந்தது.

வாயைக் கொப்பளித்து, மீசையைத் துடைத்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மீதி ஐந்து கப்பைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கூல்பாருக்குக் கிளம்பினார்.

தாஹிரா அக்கா கல்லாவில் இருந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மாசானம் ஒரு ஓரமாக ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தார். ஊர்ச் செய்தியைக் கரையிலிருந்து கப்பலுக்கு ஏற்றுவதிலும் அவர் கெட்டிக்காரர்.

“ரஹீமா சும்மா கூடமாட ஒத்தாசை, அவ்ளோதான்,” என்று நெஞ்சை நிமிர்த்தினார் உசேன் பாய். “காத்தால ஃபஜ்ர் தொழுதுட்டு, தோ இந்தக் கையால போட்டது.”

“இன்னா இன்னா சேத்தீங்க பாய்?”

“ஆரஞ்சுத் தோலு. கிராம்பு.”

“நான் நோன்பு தொறந்துதான் வாயில வெக்கணும். ருசி எப்டி வந்துக்கீது?”

அவ்வளவு போதும் அவருக்கு.

“அக்கா, மொதல்ல தேன் வரும். அப்பால ஆரஞ்சுத் தோலு. லேசா கசக்கும், இன்னாடா கசக்குதேன்னு நெனைக்கறதுக்குள்ள ஓடிப்பூடும். பட்டி மொறு மொறுன்னு பல்லுல மாட்டும். கிராம்பு கீதே, அது கடைசியா தொண்டையாண்ட வந்து சலாம் சொல்லும்!”

மாசானம் எச்சில் விழுங்கினார். “சொல்லும்போதே இஸ்துனு போவுது பாய். ஆமா, காத்தால செஞ்சத எப்போ துன்ன? இன்னிக்கு நோன்பு இல்லியா?”

கபடமில்லாத கேள்வி.

“துன்னலப்பா! சமைக்கிறவங்க நாக்கு நுனியில வெச்சுப் பாத்துத் துப்பிடலாம். அதுக்கு அனுமதி கீது.”

“கீது,” என்றாள் தாஹிரா அக்கா. “புருஷன் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு வுழுறவனா இருந்தா, சமைக்கிற பொண்டாட்டிக்கு அந்தச் சலுகை கீது. உங்க வூட்ல யாரு பாய் எரிஞ்சு வுழுறது?”

ரஹீமா என்று சொன்னால், நாளைக்குள் மாசானத்தின் புண்ணியத்தில் துறைமுகம் முழுக்க உசேன் பாய் பெண்டாட்டிக்குப் பயந்தவர். தான் என்று சொன்னால் சலுகை ரஹீமாவுக்குப் போய்விடும். தாஹிரா அக்கா விடவில்லை.

“அப்புறம், நாக்கு நுனியோட துப்பிட்டீங்கன்னா, தொண்டையாண்ட வந்து சலாம் சொன்னது யாருக்கு?”

எல்லாப் பக்கமும் சுவர். ஒரே ஒரு சந்து திறந்திருந்தது. உசேன் பாய் அதில் குனிந்து நுழைந்தார்.

“அக்கா, நான் செய்யவும் இல்ல, துன்னவும் இல்ல. செஞ்சது ரஹீமா. ருசி இப்டித்தான் வரும்னு அவ சொன்னா, நான் ஒப்பிச்சேன்.”

“அவளும் நோன்புதான? அவளுக்கு மட்டும் எப்டித் தெரியும்?”

“அவளுக்குத் துன்னு பாக்கணுமா? பதினெட்டு வருசமா நோன்புக் கஞ்சிக்கு வாயில வெக்காமயே உப்பு போடுறா. ஒரு நாள் கூடல, ஒரு நாள் கொறையல. அவ கையிலயே நாக்கு கீது அக்கா!”

“மாசானத்துக்குச் சரியா கேக்கல போலக்கீது. கொஞ்சம் ஒரக்கச் சொல்லுங்க.”

ஒரக்கச் சொன்னார்.

தாஹிரா அக்கா எழுந்தாள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து ஒரு பலகையை இழுத்து, முந்தானையால் தூசி தட்டினாள். பச்சை எழுத்தில் ‘ரஹீமுன்னிசாவின் பக்லவா ஐஸ்கிரீம்’ என்றிருந்தது. உசேன் பாய் எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பெயிண்ட் ஒட்டவில்லை.

“இத எப்போ எழுதினீங்க?”

“போன வெள்ளிக்கெழம. ‘அவரே வந்து சொல்லுவாரு, அது வரைக்கும் மாட்டாதீங்கக்கா’ன்னு உங்க வூட்டம்மா சொல்லி வெச்சிருந்திச்சு.”