பஞ்சர் அண்ணன் வளர்த்த சாமிக்கோழிகள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றதால் எந்த இடத்தில் எந்த ‘ர’ போடுவது என்று இன்றுவரை பிடிபடவில்லை. பத்திரிகை ஆசிரியர் அய்யா திருத்திப் போட்டுக்கொள்ள வேண்டும். எழுதப்போவதும் கோழிகளைப் பற்றித்தான் என்பதால் கையெழுத்தையாவது மன்னிக்கலாம்.

மதுரை ஜில்லா முழுக்கச் சலித்துத் தேடினாலும், கோழிக்காகக் கருப்பசாமியிடமே வழக்காடிய மனிதர் என்று எங்கள் பஞ்சர் அண்ணனைத் தவிர வேறு ஆள் கிடைக்காது.

நாகமலை புதுக்கோட்டை ரோட்டோரத்தில் அவருடைய பஞ்சர் கடை. பக்கத்து வேப்பமரத்தடியில் என் இஸ்திரி வண்டி. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் அது தெரியும். கடைக்குப் பின்னால் வேலி கட்டிய காலி இடத்தில் கோழிகள் திரியும். கூண்டு கிடையாது. பழைய லாரி டயர்களில் வைக்கோல் பரப்பி வைத்திருப்பார். முட்டையிட வேண்டிய கோழி தானாக ஏறி உட்காரும். அப்போது பக்கத்தில் போய் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. ட்யூபுக்குக் காற்றடிக்கிற மிஷினைக்கூட நிறுத்திவிடுவார்.

ஒருநாள் பட்டு வேட்டி கட்டிய ஒருவர் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போகிற அவசரத்தில் காரை நிறுத்தினார். அண்ணன் வீலைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டிக் கீழே படுக்கப் போட்டுவிட்டு, கை கழுவப் போனார். திரும்பி வந்தால் வீலின் குழிக்குள் மொண்டி உட்கார்ந்திருக்கிறாள். மொண்டி, ஒரு கால் நொண்டுகிற செவலைக் கோழி.

“எடுத்து மாட்டுப்பா, நேரமாச்சு.”

“உள்ள ஆளு இருக்குண்ணே. எந்திரிக்கட்டும்.”

“கோழியத் தள்ளிவிட எம்புட்டு நேரமாகும்?”

“ஒங்க வீட்ல புள்ளத்தாச்சிய இப்படித்தான் தள்ளி விடுவீகளா?”

பட்டு வேட்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தேன். மொண்டி நிதானமாக எழுந்து, ஊரெல்லாம் கேட்கும்படி கொக்கரித்துவிட்டுப் போன பிறகுதான் வீல் காருக்கு ஏறியது. முட்டையை அண்ணன் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

“ஒங்க டயர்ல போட்டது. எனக்குப் பாத்தியதை இல்ல.”

சூடு ஆறாத முட்டையும் பட்டு வேட்டியுமாக அவர் விசேஷத்துக்குப் போனார்.

எதிர்த்த டீக்கடைக்காரர் ஒரு தடவை யோசனை சொன்னார். “மாப்ள, ராத்திரியும் லைட்டப் போட்டு வையி. நெறய முட்ட வரும்கிறாங்க.”

“ராத்திரி பூராவும் நீ டீ ஆத்துவியா?”

“நான் தூங்க வேணாமா?”

“அவளும் அதத்தான் கேக்குறா.”

இறகு உதிர்க்கிற காலத்தில் முட்டை கேட்டு வந்தால் ‘லீவு’ என்று சொல்லி அனுப்பிவிடுவார். பானையில் சாணியும் சாக்குத் துணியும் அடைத்து மண்ணில் கவிழ்த்து வைத்து, ஏறுகிற கரையானைக் கோழிகளுக்குத் தீனியாகத் தட்டிப் போடுவார். நான் கொட்டுகிற அடுப்புக்கரிச் சாம்பலில் கோழிகள் வந்து புரளும். அப்படிப் புரண்டால் பேன் ஒழியுமாம். புரண்டபின் அவை இறக்கையை உதறுகிற இடம் என் வெள்ளை வேட்டி அடுக்குக்குப் பக்கத்தில்தான். எனக்குக் கோழியை அதட்டக்கூட வாய் வராது. வேட்டியைத் தட்டி மறுபடி தேய்ப்பேன்.

இவ்வளவும் ஊர் பொறுத்துக்கொண்டது. முட்டை நின்ற கிழட்டுக் கோழிகளில்தான் தகராறு வந்தது. மற்ற வீடுகளில் அதெல்லாம் குழம்பு. அண்ணன் என்ன செய்வார் என்றால், கோழி முட்டையை நிறுத்திய அன்றே அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, “கருப்புக்கு நேந்து விட்டாச்சு” என்று சொல்லிவிடுவார். சாமிக்கு நேர்ந்ததை வீட்டுச் சட்டியில் போட யாருக்குத் தைரியம் வரும்? சரி, படையலில் வெட்டுவாரா என்றால், “சாமி இன்னும் கேக்கலையே” என்று வருசத்தைத் தள்ளிவிடுவார்.

“முட்ட போடுறத விட சாமி பேரச் சொல்லித் திங்கிறதுதான் அதிகம்” என்று அண்ணன் வீட்டு மதினி தலையில் அடித்துக்கொள்ளும்.

கடைசியில் மொண்டியும் முட்டையை நிறுத்தினாள். அவளுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. அந்த வருசம் மதினியின் தம்பி பிடித்துக்கொண்டார்.

“மச்சான், நேந்தத நிறுத்தி வைக்கிறது குடும்பத்துக்கு ஆகாது. இந்தப் படையல்ல மொண்டியில இருந்து அம்புட்டையும் முடிச்சிருவோம். அருவா நான் கொண்டு வாரேன்.”

அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. சாமி மேல் அவருக்கு உண்மையிலேயே பயம் உண்டு. மொண்டி மேல் உயிர்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அண்ணனும் நானும் ஒரே சாமி கும்பிடுகிற பங்காளிகள். அதிகம் பேசாத ஆளான என் மேல்தான் மாசிப் படையலில் கருப்பசாமி இறங்கும். இறங்கிய பிறகு நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

படையலுக்கு முந்தின நாள் அண்ணன் என் வண்டியில் ரெண்டு முட்டையை வைத்தார்.

“எதுக்குண்ணே?”

“சும்மா. பச்சையாக் குடி. நாளைக்கு நீ நெறய பேசணும்ல.”

“நான் வெரதம்ணே.”

“சரி, வெரதம் முடிச்சுக் குடி” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

மறுநாள் உச்சிப்பொழுதில் நடந்ததை மதினி சொல்லித்தான் நான் அறிவேன். கருப்பு குதித்துக்கொண்டு போய் அண்ணன் முன்னால் நின்று, “எனக்கு நேந்தது எங்கடா?” என்று கேட்டதாம். அண்ணன் மொண்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பேசினாராம்.

“அய்யா, நேந்து விட்டேன்னுதான் சொன்னேன். வெட்டுறேன்னு சொல்லல. இது ஒன் கோழி. ஒன் கோழிக்குத்தான் நான் கம்பு போடுறேன், கரையான் போடுறேன். நீ குடுத்து வச்சத நானே வெட்டினா, நாளைக்கு என் கோழி எங்கடான்னு நீ கேக்க மாட்டியா?”

“சாமிகிட்டயே பாயிண்டு பேசுறீகளே மச்சான்” என்றாராம் மதினியின் தம்பி.

கருப்பு வெகுநேரம் மொண்டியைப் பார்த்ததாம். பிறகு திருநீற்றை அள்ளி அவள் கொண்டையில் பூசி, “இது எம் புள்ளடா. இதுகளத் தொட்டவன் என்னயத் தொட்டவன்” என்று சொல்லிவிட்டதாம்.

மதினி மட்டும் கும்பிட்டபடி கேட்டிருக்கிறது. “சரி சாமி. இனிமே இந்த ஆளு எல்லாக் கோழியவும் நேந்து விடுவாரே, தீனிக்கு நான் எங்க போவேன்?”

அதற்குப் பதில் சொல்லாமல் சாமி மலையேறிவிட்டதாம்.

மறுநாள் அண்ணன் என் வண்டிக்கு வந்து, “நேத்து சாமி என்ன சொல்லுச்சு தெரியுமா?” என்று முழுக் கதையையும் சொன்னார். நான் புதிதாகக் கேட்பது போலக் கேட்டேன். முட்டை நன்றாக இருந்தது என்றேன்.

பிறகு ரோட்டை அகலப்படுத்தியதில் அவர் கடை போய்விட்டது. என் வண்டிக்குச் சக்கரம் இருந்ததால் நான் தள்ளி நிறுத்திக்கொண்டேன். வண்டியூரில் மகள் வீட்டுப் பக்கம் இடம் பிடித்தார். கோழிகளையும் டயர்களையும் சின்ன லாரியில் ஏற்றினவர், மொண்டியை மட்டும் இறக்கி என் வண்டிக்கடியில் விட்டார்.

“வயசானவ. குலுக்கல் தாங்க மாட்டா. ஒன் சாம்பலும் அவளுக்குப் பழகிருச்சு.”

இப்போது தினமும் சாயங்காலம் போன் வரும். “மொண்டிகிட்டக் குடு” என்பார். நான் போனை அவள் பக்கம் நீட்டுவேன். இவள் குர்ரென்பாள், அவர் அங்கிருந்து ‘பாஆ, பாஆ’ என்று கூப்பிடுவார். துணி வாங்க வருகிறவர்கள் சிரிப்பார்கள். எல்லாம் முடிந்து நான் போனைக் காதில் வைக்கும்போது, “நீ சாப்ட்டியாடா?” என்பார். அதற்குப் பிறகு ரெண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. ஆனாலும் அவர் போனை வைக்க மாட்டார். நானும் வைக்க மாட்டேன்.

எழுதி முடித்தது: பங்குனி முதல் வெள்ளிக்கிழமை, கரி ஆறின பிறகு.