மீசை வைத்த லெப்டினன்ட்

பழைய ராணுவப் பதக்கங்களைச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பதக்கம் கைக்கு வந்த மறுநிமிடமே, அதை வாங்கினவரைத் தோளில் தூக்கி வளர்த்ததே நாங்கள்தான் என்பதுபோல் பேச ஆரம்பித்துவிடுவோம். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில்தான் ஏழாயிரம்பண்ணையில் ஊர் கூடி என் மானம் போனது. எட்டு வருஷம் ஆகியும் நினைத்தால் கோபம்தான் வருகிறது. (யார் மேல் என்று கேட்காதீர்கள். பட்டியல் நீளம். முதல் பெயர் என்னுடையதுதான் என்கிறாள் என் மனைவி.)

அப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் சாத்தூர் பழைய இரும்புக் கடையில், உடைந்த தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பதக்கம் கிடந்தது. எழுபத்தொன்றாம் வருஷப் போர்க்காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. விளிம்பில் ஆங்கிலத்தில் பொடி எழுத்து: லெப்டினன்ட் ஏ. ராஜமணி, எம்.என்.எஸ்.

நாட்டுக்கு உழைத்தவரின் பதக்கம் எடைக்குப் போவதா? ரத்தம் கொதித்தது. கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"என் மேல எதுக்குக் கோவப்படுதீக? ஏழாயிரம்பண்ணையிலருந்து ஒரு தகரப் பெட்டியோட வந்துச்சு. அங்கன போயிக் கேளுங்க" என்றார் அவர்.

எம்.என்.எஸ். என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அப்போது கிடையாது. பதக்கம் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, 'மெட்ராஸ் நார்த் ஸ்குவாட், பனிமலையில் போரிடும் படை' என்று எழுதினேன். (அப்படி ஒரு படை உலகத்திலேயே இல்லை.) நாற்பது பேர் கைகூப்பினார்கள்.

மறுநாளே ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறினேன். ராஜமணியின் வீடு பூட்டிக் கிடந்தது. எதிரே டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"ஆமா, பட்டாளத்துல பெரிய ஆபீசரா இருந்தாக. ரொம்பக் கறாரு."

"இப்போ?"

"இப்ப இல்லையே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மேலே ஏதோ சொல்ல வந்தார். "போதும்ணே, சொல்ல வேண்டாம்" என்று தடுத்துவிட்டேன். நான் இன்றைக்கும் நியாயம் கேட்கிறேன். எங்கள் பக்கத்து மரியாதைப் பேச்சில் 'இருந்தாக' என்றால் ஆணா பெண்ணா என்று எவனுக்குத் தெரியும்? 'இல்லை' என்றால் ஊரில் இல்லையா, உயிரோடு இல்லையா?

பஞ்சாயத்து மெம்பருக்குப் போன் போட்டு, "ராஜமணிக்கு ஒரு விழா எடுக்கணும்" என்றேன். அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டார். ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

பிளெக்ஸ் அடிக்கப் போட்டோ இல்லை. அதனாலென்ன? ஒரு வெடிப் பெட்டிக்காக வரைந்த சிப்பாய் படம் கைவசம் இருந்தது. காதைத் தொடுகிற முறுக்கு மீசை. பின்னாலிருந்த மத்தாப்பூ வெளிச்சத்தை அழித்துவிட்டுப் பனிமலையை வைத்தேன். கீழே, 'மாவீரர் ராஜமணி ஐயாவுக்கு வீரவணக்கம்.'

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் பிளெக்ஸைக் கட்டினேன். பட்டாசுக் கம்பெனிக்கு லீவு என்பதால் நல்ல கூட்டம். டீக்கடைக்காரர் படத்தைப் பார்த்து, "ஐயாவா?" என்றார். நான் மாலையைப் போட்டுவிட்டு, ஒரு நிமிட மௌனம் என்று மைக்கில் அறிவித்துவிட்டேன்.

அந்த மௌனத்துக்குள் சாத்தூர் பஸ் வந்து நின்றது. கஞ்சி போட்ட காட்டன் சேலையில், கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒரு வயதான அம்மாள் இறங்கினார். நேரே பிளெக்ஸுக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார்.

"ஏலே, யாருலே இவன்?"

"ராஜமணி ஐயாம்மா. போர்ல தவறிட்டாரு. மௌனமா இருங்க."

"அப்ப நான் யாருலே?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். மைக்கைப் பிடித்தபடியே, "நீங்க ஐயாவோட சம்சாரமா?" என்றேன்.

அவ்வளவுதான்.

"சம்சாரமா? கல்யாணமே பண்ணலலே நானு! பதக்கத்தைக் குத்திக்கிட்டு எங்க போனாலும் இதே கேள்விதான். புருஷனோடதா, அப்பனோடதா, அண்ணனோடதான்னு. எம்.என்.எஸ்.ஸுன்னா ராணுவ நர்ஸு! கால் போயி வந்தவனுக்கும் கை போயி வந்தவனுக்கும் கட்டுப் போட்டவ நானு. எனக்கு மீசையை ஒட்டி மாலையும் போட்டுட்டியாக்கும்!"

மதுரையில் கண் ஆபரேஷன் முடித்துத் தங்கியிருந்தவரை, உங்களுக்கு விழா என்று மெம்பர் வரச்சொல்லியிருக்கிறார். பையிலிருந்த பதக்கத்தைக் காட்டினேன். அது எப்படி என் கைக்கு வந்தது என்று அந்த அம்மாள் கேட்டார். சொன்னேன். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். அவருடைய அண்ணன் மகன் ஒருவர் பின்வரிசைக்கு நழுவினார்.

"வெள்ளையடிக்க வீட்டை ஒழிச்சேன் அத்தை. துருப்பிடிச்ச பெட்டின்னு…"

"திறந்து பாத்தியாலே?"

கேட்டபோதே அந்த அம்மாள் முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதக்கத்தை நீட்டினேன். வாங்கித் தானே சேலையில் குத்திக்கொண்டார். மைக்கையும் பிடுங்கிக்கொண்டார்.

"மௌனமா நிக்க ஆசைன்னா அவனுகளுக்கு நில்லுங்க" என்று, தன் வார்டுக்கு வந்து பிழைக்காமல் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினொரு பெயர். ஒன்றுக்குக்கூடத் தடுமாறவில்லை. கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை வருஷம் பதக்க விளிம்பு எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் படித்திருந்த எனக்கு, அன்றுதான் அவை பெயர்களாகக் காதில் விழுந்தன.

பிறகு பிளெக்ஸை என் கையாலேயே அவிழ்க்க வைத்து, வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். (திட்டிக்கொண்டேதான்.) அதிலிருந்து எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவரை அழைக்காமல் இருந்ததில்லை.

போன வருஷம் என் மனைவியின் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். மாலையோடு மேடையேறினேன். அவர் இரண்டு அடி பின்னால் நகர்ந்து கையை நீட்டினார். "மாப்ள, மொதல்ல நாடியைப் பிடிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

மண்டபமே சிரித்தது. மரியாதைக்கு மாலை போட வந்தவனிடம் பேசுகிற பேச்சா இது? நியாயம் கேட்கலாம் என்று முன்வரிசையைப் பார்த்தேன். லெப்டினன்ட் ராஜமணி எழுந்து மேடைக்கு வந்து, மச்சான் மணிக்கட்டைப் பிடித்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணிவிட்டு, "ம், போடுலே" என்றார்.